பவானியில் நெய்ததுதானுங்களே

கடந்த தை மாதம் என் அக்கா மகளுக்குத் திருமணம் நடந்தது. தாய்மாமன் கொண்டுபோக வேண்டிய சீர்ப் பொருள்களை அம்மா ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தார். கடைசி வரியில் "ஜமுக்காளம் ரெண்டு, பவானிக்கே போய் வாங்கு" என்றிருந்தது. பவானி வரை போய்வர எனக்கு நேரமில்லை. கோயம்புத்தூரிலிருந்து கவுந்தப்பாடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வரும் வழியில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஜவுளிக் கடையில் வண்டியை நிறுத்தினேன். வாசலிலேயே "புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம்" என்று ஆளுயரத்தில் பலகை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அம்மாவின் நிபந்தனை நிறைவேறிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. இது இன்ன ஊர்ப் பொருள் என்று சட்டமே உறுதி சொல்லும்போது ஊர் வரை எதற்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்டது ஒன்று, நீலத்தில் கரை வைத்தது ஒன்று என இரண்டை எடுத்து, பேரம் பேசிக் கொஞ்சம் குறைத்தும் வாங்கி வந்தேன்.

மண்டபத்தில் சீர்த்தட்டுகளைப் பரப்பி வைத்திருந்தபோது மாப்பிள்ளையின் அப்பத்தா வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். அந்தியூர்ப் பக்கத்துக்காரர், எண்பது வயதுக்கு மேல் இருக்கும். ஜமுக்காளத்துக்கு அருகில் வந்ததும் நின்றார். ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். பிறகு மூலையை மடித்து உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். மடிப்பு அப்படியே நின்றது. "இது மிசின்ல ஓட்டுனதாட்ட இருக்குதே சாமி" என்றார். என்னைக் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை; வெயில் அதிகம் என்று சொல்வதைப் போலச் சொன்னார். சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த தேங்காய்ப் பழத் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி ஜமுக்காளத்தின் மேல் வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். சம்பந்தி வீட்டில் வேறு யாருக்கும் இது தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்தே உறைத்தது.

சில வாரங்களுக்குப் பிறகு, மீதமிருந்த கோபத்தோடு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமையாக உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். நான் பலகையைக் காட்டிக் கேட்டேன். அவர் சிறிதும் தடுமாறாமல், "பவானில நெஞ்சதுதானுங்களே. பவானி ஜமுக்காளம்னு போடாம வேற என்னன்னுங்க போடறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடியதன் கதை.

நான் பகிர்ந்த பெருமைகள்

முதலில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொங்கு நாட்டுப் பொருள் எதற்காவது புவிசார் குறியீடு கிடைத்தது என்று செய்தி வந்தால், அதை உறவினர் குழுக்கள் அனைத்திலும் முதல் ஆளாகப் பகிர்பவன் நான். பவானி ஜமக்காளமும் கோயம்புத்தூர் கிரைண்டரும் 2005-06ஆம் ஆண்டிலேயே பெற்றுவிட்டன. அப்போது வாட்ஸாப் இல்லாததால் அந்தப் பெருமையை நான் தவறவிட்டேன். 2019இல் ஈரோட்டு மஞ்சளும் பழனிப் பஞ்சாமிர்தமும் வந்தபோது தவறவிடவில்லை. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்கும் நெகமம் சேலைக்கும் கிடைத்தபோது, என் மைத்துனர் ஒருவர் "இதனால் ஜவ்வரிசி விலை குறையுமா, ஏறுமா?" என்று கேட்டார். அவரைக் கிண்டல் செய்து ஒரு பொம்மைப் படத்தை அனுப்பினேன். இப்போது யோசித்தால், அந்தக் குழுவில் உருப்படியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இந்தக் குறியீட்டைப் பலரும் காப்புரிமை என்றே சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். மஞ்சள் நமக்கு நினைவில் இருப்பதும் இதற்கு ஒரு காரணம். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995இல் கொடுக்கப்பட்ட காப்புரிமையை நம் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து வாதாடி 1997இல் நீக்க வைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் காப்புரிமை என்பது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்படும் உரிமை. புவிசார் குறியீடோ பழைய ஒன்றை ஓர் ஊரோடு கட்டிப் போடுவது. அது எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமாகாது. அதை விற்கவோ, அடகு வைக்கவோ, பிறருக்கு மாற்றிக் கொடுக்கவோ சட்டம் இடம் தரவில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஊர்ப் பொதுவான ஒரு கிணறு போல என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஊர்க் கிணறுகளில் யார் யார் வாளியை விட்டார்கள், யார் விட முடியாமல் நின்றார்கள் என்பதை அந்த நேரத்தில் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

கடைக்காரர் சொன்னதில் உள்ள நியாயம்

பதிலைத் தேடி 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தையே எடுத்து வாசித்தேன். 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம். அதன் பதிவகம் நம் சென்னையில், கிண்டியில்தான் இருக்கிறது. சட்ட வாசகங்களைப் படித்துப் பழக்கமில்லாதவன் என்பதால் ஒரு பிரிவை மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. புவிசார் குறியீடு என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், ஒரு பொருளின் தரமோ நற்பெயரோ வேறு இயல்போ அது பிறந்த மண்ணால் வந்ததாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதுவரை நமக்குத் தெரிந்ததுதான். அடுத்து, தொழில்முறையில் உருவாக்கப்படும் பொருள் என்றால் அதன் உற்பத்தி, பதப்படுத்தல், தயாரிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வேலை அந்த எல்லைக்குள் நடந்தால் போதும் என்று வருகிறது. கடைக்காரர் இந்தப் பிரிவைப் படித்திருக்க மாட்டார். ஆனாலும் "பவானில நெஞ்சதுதானுங்களே" என்று அவர் சொன்னதற்கு ஏறக்குறைய இதே பொருள்தான். மண்ணைக் கேட்கிற இந்த வரையறை, தறி எது என்று தானாகக் கேட்பதில்லை.

அதற்காக அவர் சொன்னது முழுவதும் சரி என்றும் ஆகிவிடாது. குறியீடு கேட்டு விண்ணப்பிப்பவர்கள் அந்தப் பொருளைச் செய்யும் முறை, அதன் தனித்தன்மை, எல்லை எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும். பவானி ஜமக்காளம் உலகத்துக்கு அறிமுகமானதே குழித்தறியில் கையால் நெய்யப்பட்ட துணியாகத்தான். ஆகவே விசைத்தறியில் ஓட்டியதற்கு அந்தப் பெயர் பொருந்தாது என்று வாதாட முடியும். ஆனால் வாதாடுவது யார்? பதிவு பெற்ற உரிமையாளரும், அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று பதிவேட்டில் பெயர் ஏறியவர்களுமே உரிமை மீறல் வழக்குத் தொடுக்க முடியும். நெடுஞ்சாலைக் கடை ஒன்றில் ஏமாந்த தாய்மாமனுக்கு அந்த வழக்கில் இடமில்லை. குறியீட்டுக்குரிய தரத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடு என்ன என்பதையும் விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும் என்று விதிகள் கேட்கின்றன. கேட்கும்போதே "இருப்பின்" என்ற சொல்லையும் சேர்த்துக் கேட்கின்றன. அந்த ஒரு சொல்லை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்காணிப்பவர் இருப்பின் சொல்லலாம். இல்லாவிட்டாலும் குறியீடு கிடைக்கும். பலகையைக் கடை வாசலில் வைப்பதற்கு முன்னால் யாரும் வந்து ஜமுக்காளத்தின் மூலையை மடித்துப் பார்க்கப் போவதில்லை.

இன்னும் ஒன்று என்னை உறுத்தியது. "உற்பத்தியாளர்" என்றால் யார் என்று அதே சட்டம் சொல்கிறது. விளைவிப்பவர், செய்பவர் என்று தொடங்கி, அந்தப் பொருளில் வணிகம் செய்பவரையும் அந்தச் சொல்லுக்குள் கொண்டுவந்து விடுகிறது. இதைத் தவறு என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. ஈரோட்டு மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். அந்தக் குறியீட்டுக்காக விண்ணப்பித்துப் பல ஆண்டுகள் காத்திருந்து வாங்கியது மஞ்சள் வணிகர்களும் கிடங்கு உரிமையாளர்களும் சேர்ந்த சங்கம்தான். ஈரோடு என்றால் மஞ்சள் என்று நாடெங்கும் பெயர் பரவியதற்கு வயல் எவ்வளவு காரணமோ அவ்வளவுக்குச் சந்தையும் காரணம். விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் மாதிரிக்கு எடுத்து, உடைத்து, உள்நிறம் பார்த்து விலை சொல்லும் அந்தச் சந்தைக்குக் கர்நாடகத்திலிருந்தும் மூட்டைகள் வருகின்றன. ஈரோட்டில் விலை போனது எல்லாம் ஈரோட்டு மஞ்சளா, ஈரோட்டு மண்ணில் விளைந்தது மட்டுமா என்ற கேள்விக்குச் சட்டம் மண்ணின் பக்கம் நிற்கிறது. ஆனால் பெயரை வளர்த்ததில் பாதிப் பங்கு சந்தைக்கு உண்டு என்று ஒரு மஞ்சள் மண்டிக்காரர் என்னிடம் சண்டைக்கு வந்தால், அவரை நான் ஒரேயடியாக மறுக்க மாட்டேன். மஞ்சளை ஆய்வகத்துக்கு அனுப்பி, அதற்கு நிறம் தரும் குர்குமின் எவ்வளவு என்று பார்க்கவாவது வழியிருக்கிறது. ஜமுக்காளத்துக்குள் இருக்கும், ஒரே தறியில் சேர்ந்து நெய்யும் இரண்டு பேரின் உழைப்பை எந்தக் குழாயில் ஊற்றிப் பார்ப்பது?

கிரைண்டர் கதை வேறு மாதிரி. 1955இல் கோவையில் சபாபதி என்பவர் மோட்டாரில் ஓடும் மாவரைக்கும் கல்லைச் செய்து காட்டியதிலிருந்து அது தொடங்குகிறது என்பார்கள். அது பிறக்கும்போதே இயந்திரம். ஆகவே கையால் செய்ததா, மிசினில் செய்ததா என்ற வழக்கே அங்கு எழாது. கிரைண்டருக்கும் ஜமுக்காளத்துக்கும் ஒரே ஆண்டில் ஒரே சட்டத்தின் கீழ் குறியீடு கொடுத்தார்கள். இரண்டும் ஒரே நோய்க்காரர்கள் போல மருந்து எழுதியாயிற்று.

இன்னொரு சட்டம்

ஜமுக்காளத்துக்கு உண்மையில் பாதுகாப்புத் தர வேண்டிய சட்டம் வேறொன்று என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கி வைக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் அது. விசைத்தறிக்காரர்கள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1993இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தொடக்கத்தில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. பிறகு பட்டியல் 11ஆகச் சுருங்கியது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி என்று போகும் அந்தச் சுருங்கிய பட்டியலிலும் ஜமக்காளம் தன் பெயரோடு நிற்கிறது. அதாவது ஜமக்காளம் எந்த ஊரில் நெய்யப்பட்டாலும் அது கைத்தறியில்தான் நெய்யப்பட வேண்டும் என்று, புவிசார் குறியீடு என்ற பேச்சே நாட்டில் இல்லாத காலத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். நூலையோ கலப்பையோ மாற்றி, இது ஜமக்காளம் இல்லை, விரிப்பு என்று பில்லில் எழுதித் தப்பிக்க இடம் இருக்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் பில்லில் விரிப்பு என்று எழுதிவிட்டு வாசல் பலகையில் பவானி ஜமக்காளம் என்று எழுதுவதுதான் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. ஒரு சட்டத்திடமிருந்து தப்பிக்கத் தன் பெயரை விட்டுவிடும் துணி, இன்னொரு சட்டத்தின் பெருமையைச் சூடிக்கொள்ள அதே பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

என் பில்லை எடுத்துப் பார்த்தேன். "விரிப்பு - 2" என்றுதான் இருந்தது.

குழிக்குள் இருந்து

அதன் பிறகு அம்மா சொன்னபடி பவானிக்கே போனேன். போகும்போது கடையில் வாங்கிய ஜமுக்காளத்தில் ஒன்றை, அக்காவிடம் பொய் சொல்லி வாங்கி, உடன் எடுத்துக்கொண்டேன். கூடுதுறையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து, தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டிருந்த வீட்டைத் தேடிப் பிடித்தேன். சின்ன வயதில் அப்பாவோடு வந்தபோது இந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டதாக எனக்கு நினைவு. அன்று, அந்த வீட்டை நெருங்கும் வரை ஒரு சத்தமும் கேட்கவில்லை.

முன்னறை முழுவதையும் தறி அடைத்திருந்தது. தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை இறக்கி, ஒரே தறியில் பக்கம் பக்கமாகப் பெரியவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அகலமான ஜமுக்காளத்தில் ஒருவர் கை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு எட்டாது. அதனால் குறுக்கு நூலான ஊடையைச் சுமக்கும் நாடாவைப் பெரியவர் எறிய, அந்த அம்மா அந்தப் பக்கம் பிடித்துக்கொள்கிறார், இருவரும் ஒரே நேரத்தில் அச்சை இழுத்து ஊடையை அடிக்கிறார்கள், மிதி மாறுகிறது, அம்மா எறிய, பெரியவர் பிடிக்கிறார். ஒருவர் இருமினாலும் இன்னொருவர் கை நிற்க வேண்டும். நான் நின்றிருந்த அரைமணி நேரத்தில் இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டியதையெல்லாம் நாடா பேசிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்து ஆலைத் துணி வந்து குவிந்து சேலை நெசவு படுத்துப்போன நேரத்தில், இந்த ஊரின் ஜங்கமர் நெசவாளர்கள் தடித்த சாய நூலை எடுத்து நெய்யத் தொடங்கியதுதான் ஜமுக்காளம். இயந்திரத்தின் அடிக்குத் தப்பிக்கக் கண்டுபிடித்த துணி அது. அந்தத் தறியின் முன் நின்றபோது இது நினைவுக்கு வந்தது; இயந்திரம் நூறாண்டு கழித்து அதையும் தேடி வந்து சேர்ந்திருக்கிறது.

வேலையை நிறுத்திவிட்டுப் பெரியவர் மேலே ஏறி வந்தார். கைத்தறியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். தறியில் இருந்த துணியில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க வரைக்கும் சோத்துக்கு முந்தி அடிச்சது தம்பி. இது சோத்துக்குப் பின்னாடி" என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அவர் என் விரலைப் பிடித்து அந்த இடத்தின் மேல் மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் ஊடை நெருங்கி இறுகியும், ஒரு விரற்கடை தள்ளிச் சற்றே தளர்ந்தும் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. "மிசினுக்குப் பசிக்காதுங்களே, ஒரே மாதிரிதான் அடிக்கும்" என்று அந்த அம்மா குழிக்குள் இருந்தபடியே சொன்னார்.

அதற்குப் பிறகுதான் நான் பையிலிருந்து என் ஜமுக்காளத்தை எடுத்துக் கொடுத்தேன். போலியை நிரூபிக்கும் சாட்சியாக அவரை நிறுத்தி, அந்தக் கடைக்காரரிடம் சொல்ல ஒரு வாக்கியத்தை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும் என்பதே என் திட்டம். பெரியவர் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தை ஒருமுறை தொட்டுவிட்டுச் சிரித்தார். "இது சோலாப்பூர் சரக்கில்லீங்க தம்பி. நம்மூருதான். இத ஓட்டுற தறி ரெண்டு வீதி தள்ளி இருக்குது" என்றார். யாருடைய தறி என்று கேட்டேன். "எம்பட தங்கச்சி மவன்து" என்றார்.

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவரே தொடர்ந்தார். தங்கை மகனும் இதே குழியில் உட்கார்ந்து நெசவு பழகியவன்தான் என்றும், கூலி கட்டுப்படியாகாமல் கடன் வாங்கி மிசின் தறி போட்டான் என்றும், இப்போது நான்கு வீட்டுக்குச் சோறு போடுகிறான் என்றும் சொன்னார். "அவனும் பவானிக்காரன்தானுங்களே. அவனப் போலின்னு நான் எப்பிடிங்க சொல்றது?" கடைக்காரர் சொன்ன அதே வாக்கியம், ஆனால் இம்முறை அதைச் சொன்னவர், அந்த வாக்கியத்தால் பிழைப்பை இழந்துகொண்டிருப்பவர்.

புவிசார் குறியீட்டைப் பற்றி நான் அதுவரை வைத்திருந்த எண்ணம் முழுவதும் ஊருக்கு வெளியே ஒரு திருடன் இருக்கிறான் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. டார்ஜிலிங் தேயிலையின் பெயரை எங்கோ ஒருவன் திருடுவான், ஷாம்பெயின் பெயரைப் பிரான்சுக்கு வெளியே ஒருவன் ஒட்டுவான். ஊரைச் சுற்றி வேலி போட்டால் உள்ளே இருப்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். பெரியவர் சொல்லும் மகாராஷ்டிரத்துச் சோலாப்பூருக்கும் அதன் போர்வைக்காகச் சொந்தமாகப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த ஊரும் தன்னைச் சுற்றி ஒரு வேலியைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பவானியில் வேலிக்கு உள்ளேயே இரண்டு தறிகள் இருக்கின்றன, இரண்டும் ஒரே குடும்பத்தில் இருக்கின்றன என்றால் அந்த வேலி எதைத் தடுக்கும்? ஊரின் பெயர் பொதுவானது, உழைப்பு பொதுவானதில்லை. கைத்தறிக்காரரின் நூறாண்டு உழைப்பில் வந்த நற்பெயரை அடுத்த வீதி மிசின் செலவில்லாமல் எடுத்துக்கொள்கிறது, அதுவும் உரிமையோடு எடுத்துக்கொள்கிறது. தங்கை மகன் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் தன் துணியைத் தன் விலைக்கு, பவானி விசைத்தறி விரிப்பு என்று சொல்லி விற்றால் அதில் எந்தக் குற்றமும் இல்லை. அப்படிச் சொன்னால் விற்காது என்பது அவருக்கும் கடைக்காரருக்கும் தெரியும். என்னைப் போன்றவன் பலகையைப் பார்த்து நம்பி, பிறகு விலையைப் பார்த்து மகிழ்ந்து வாங்கிப் போவான் என்பதும் தெரியும். அந்தக் கடையில் நான் பேரம் பேசியதை இங்கே மறைக்கப் போவதில்லை. குழித்தறி ஜமுக்காளத்தின் விலையைப் பெரியவர் சொன்னபோது, அது நான் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று கேட்டதும், அரை நொடி நான் தயங்கினேன். அந்த அரை நொடியை அவர் பார்த்தார்.

பத்து ரூபாய்ப் படிவம்

ஆகவே எனக்கு இப்போது உறுதியாகத் தெரிவது ஒன்றுதான். ஜமுக்காளத்தைப் பொறுத்தவரை ஊர்ப் பெயரை மட்டும் காப்பது போதாது. அந்தப் பெயரை எந்தத் தறி சூடலாம் என்று எழுதி வைப்பதோடு, அதைக் கடை வரை வந்து பார்க்கும் ஆள் வேண்டும். 2006இல் கொண்டுவந்த கைத்தறி முத்திரை என்று ஒன்று இருக்கிறது. புவிசார் குறியீட்டுச் சின்னமும் அந்த முத்திரையும் சேர்ந்து ஒட்டியிருந்தால்தான் பவானி ஜமக்காளம் என்று பலகை வைக்கலாம் என்று ஒரு விதி வந்தாலே பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதில் இருக்கிறது. குறியீடு வாங்குவது விழா. விழா முடிந்த பிறகு நெசவாளர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியே பதிந்துகொள்ள வேண்டும் என்பது யாருக்கும் தெரிவதில்லை. அதற்கு முன்பு 500 ரூபாய் கட்டணம் இருந்தது. 2020இல் அதைப் பத்து ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். ஒரு தேநீர் விலை. பிறகும் ஏன் பதியாமல் இருக்கிறார்கள் என்று நான் அரசாங்கத்தின் பக்கம் நின்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

அதனால் அடுத்த முறை பவானிக்குப் போனபோது, படிவத்தை அச்செடுத்து, பத்து ரூபாயையும் உறையில் போட்டு எடுத்துப் போனேன். சொல்லி வைத்திருந்த ஜமுக்காளம் தயாராக இருந்தது. அக்கா மகள் வீட்டுக்கு அதைத்தான் கொடுத்தேன், ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்தால் விரிக்க என்று. கடையில் வாங்கியது இப்போது என் கார் டிக்கியில், ஸ்டெப்னிக்கு மேல் கிடக்கிறது.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை முதலிலிருந்து பார்த்தார். நான் ஒவ்வொரு வரியையும் படித்து விளக்கிக்கொண்டே வந்தேன். உற்பத்தியாளர் பெயர் என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "நூலு மொதலாளி குடுத்தது. பாவும் அவருது. நாங்க கூலிக்குத்தானுங்க நெய்யறோம். இதுல அவரு பேர எழுதறதா, எம்பேர எழுதறதா?" என்று கேட்டார். நெய்பவர்தான் உற்பத்தியாளர், உங்கள் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். சொல்லும்போதே வணிகம் செய்பவரையும் அந்தச் சொல்லுக்குள் சேர்த்த பிரிவு நினைவுக்கு வந்து குரல் கொஞ்சம் இறங்கியது. அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். எழுதாமல் மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மா நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தார். ராட்டையை நிறுத்தாமலே, "ரெண்டு பேரு எழுத எடம் இருக்குதான்னு தம்பியக் கேளுங்க" என்றார்.

நான் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.